நேரத்தின் வாலை நறுக்கியவர்

எங்கள் லாரி கம்பெனியில் மேனேஜர் வைத்ததுதான் சட்டம். மீசைக்கார டிரைவர் ஒவ்வொரு நடையிலும் ஒரு மணி நேரம் தாமதம், மதியம் முதலாளி முன் விசாரணை, அதோடு அவர் சீட்டு கிழியும் என்று காலையிலேயே அறிவித்துவிட்டார்.

லாரிகளின் பயண நேரத்தைக் கணக்கிடும் புரோகிராம் என் பொறுப்பு. மீசை என் மேசைக்கு வந்தார். “வழியில எங்கயும் நிறுத்தலம்மா. டீ குடிக்கக்கூட இறங்கல. உன் புரோகிராம் என்னைப் பொய்யனாக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. லாரியில் உள்ள கருவி அனுப்பும் வரிகளை அப்படியே திறந்தேன். தேதி, மணி, அதன் பின்னால் ஒரு கூட்டல் குறியும் சில எண்களும். உலகப் பொது நேரத்தைவிட அந்த ஊர்க் கடிகாரம் எவ்வளவு முன்னால் ஓடுகிறது என்பதைச் சொல்லும் வால் அது. எங்கள் புரோகிராம் மணியோடு நிறுத்திக்கொண்டு வாலை வெட்டிவிடுகிறது. அறிக்கை ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்று போன வருடம் மேனேஜரே உட்கார்ந்து செய்த திருப்பணி.

மீசை நாட்டு எல்லை தாண்டிச் சரக்கு கொண்டுபோகிறவர். அங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால். புறப்பட்டது இந்த ஊர் மணியில், சேர்ந்தது அந்த ஊர் மணியில். வால் இல்லாமல் கழித்தால் சும்மா ஒரு மணி நேரம் முளைக்கும். திரும்பி வருகிறவருக்கோ ஒரு மணி நேரம் மாயமாகும். சரக்கு ஏற்றிய நடைக்கு மட்டும்தான் கணக்கு; அங்கிருந்து சரக்கு ஏற்றி வரும் நடை முழுவதும் மேனேஜரின் மச்சானுக்கு. ‘சிறந்த டிரைவர்’ என்று வாசலில் மாட்டியிருப்பதும் அவன் படம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாலையும் சேர்த்து எடுத்து, இரண்டு நேரத்தையும் பொது நேரத்துக்குக் கொண்டுவந்து, பிறகு கழித்தேன். வாலே இல்லாமல் வந்த வரிகளுக்கு ‘தெரியாது’ என்று போட்டேன், குத்துமதிப்பாக அடித்துவிடவில்லை. மீசை சரியான நேரம். மச்சான் தாமதம். மாற்றத்தை ஏற்றிவிட்டேன்.

புது அறிக்கையைப் பார்த்ததும் மேனேஜர் விறுவிறுவென்று வந்தார். “யாரைக் கேட்டு இதுல கை வெச்ச?”

“கணக்கு தப்பு சார். திருத்தினேன்.”

“பழையபடி மாத்து. உனக்கெதுக்கு இந்த வம்பு?”

“மாத்த மாட்டேன்.”

“வேலை போயிடும்.”

“போகட்டும்.” எழுந்து, என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். “நீங்களே மாத்துங்க சார். எதுக்கு மாத்துறீங்கன்னு அதுல எழுதணும், உங்க பேரும் தானா பதிவாகும். முதலாளி கேட்டா அதையே காட்டிடறேன்.”

உட்கார்ந்தார். காரணம் கேட்கும் கட்டத்தில் ஏதோ தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார், அழித்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

“சரி, விசாரணை இல்ல. மீசை வெளியில நிக்கிறான், நீயே சொல்லிடு.”

“தாமதம்னு அவர்கிட்ட சொன்னது நீங்க. தாமதம் இல்லன்னும் நீங்களே சொல்லுங்க.”

அவர் என்னை முறைத்தார். நான் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.