நாலு முன்பல்

அம்மையப்பன் குடியை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. அதை நம்பாத ஒரே ஆள் ஊரில் இருக்கும் அவன் மனைவி நாகவள்ளிதான். அவளும் மூன்று மாதமாகத்தான் நம்பவில்லை.

அபுதாபிப் பக்கம் ருவைஸில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் அவனுக்குச் சாரம் கட்டும் வேலை. பொங்கலுக்கு முந்தின வாரம் மேலே தூக்கிய இரும்புக் குழாய் ஒன்று காற்றில் திரும்பி வாயில் அடித்தது. மேல்வரிசை முன்பல் நாலும் போயின. பாதுகாப்பு பெல்ட் மாட்டியிருந்ததால் தொங்கிக்கொண்டு கிடந்தான், விழவில்லை. உதட்டைத் தைத்து மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். நாலாம் நாள் டூட்டி. முன்பல் இல்லாதவன் சாரம் கட்டமாட்டானா என்ன?

நாகவள்ளியிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதபடி ஒரு சிக்கல் இருந்தது. அவளுடைய அண்ணன் வீரபாண்டி ஷார்ஜாவில் கட்டடத்திலிருந்து விழுந்து, பெட்டியில் ஊர் வந்து சேர்ந்தவர். அதனால் புருஷனை விமானம் ஏற்றும் முன் அவள் இரண்டு சத்தியம் வாங்கிக்கொண்டாள். குடிக்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது. முதலாவதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். அதைக் காப்பாற்றினான். இரண்டாவதைக் காப்பாற்றினால் சோறு கிடையாது. ஆகவே ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை என்று சொல்லிவைத்திருந்தான்.

அடிபட்ட அடுத்த வெள்ளிக்கிழமை போன் கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டுப் பேசினான். வாயிலிருந்து சொல்லுக்குப் பதில் காற்றுதான் வந்தது. வந்த சொல்லும் குழறியது.

"என்னங்க, குடிச்சிருக்கீங்களா?"

"இல்ல புள்ள, சளி."

சளி என்று மூன்று வாரம் சொல்லலாம். நாலாவது வாரம் அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு அவன் கூப்பிட்டால் மகள் நாகஜோதிதான் எடுத்தாள். "அம்மா வேலையா இருக்குப்பா" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்மையப்பனுக்கு அழுகை முட்டும். பன்னிரண்டு மணி நேர டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது, எதற்காக இந்தப் பாடு என்று அலுப்பாக இருக்கும். மெஸ்ஸில் குப்பூஸ் ரொட்டியைக் கடிக்க முடியாமல் பருப்பில் ஊறவைத்து விழுங்குவான். கன்னம் ஒட்டிப்போய், நாற்பத்திரண்டு வயதில் அறுபது வயது முகம் வந்திருந்தது.

அறையில் அடுத்த கட்டிலில் இருந்த தேவசுந்தரத்துக்கு ஊர் குமரி மாவட்டத்துக் கடியப்பட்டணம். அவன்தான் ஒரு வெள்ளிக்கிழமை பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "வாரும் அண்ணே. நம்ம ஊர்க்காரி ஒரு பல்லு டாக்டரம்மா உண்டு. ஒம்ம மோரையப் பாத்தா எனக்கே சாப்பாடு எறங்க மாட்டேங்கு."

டாக்டர் ஷாஜினி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "மூணு மாசம் சும்மா விட்டுட்டீங்களே. பக்கத்துப் பல்லு ரெண்டும் காலி எடத்துப் பக்கமா சாயுது பாருங்க. உதடும் உள்ள போவுது. பல்லு கட்டினா நல்லா கடிச்சுச் சாப்பிடலாம், முகமும் பழையபடி ஆவும்."

"பேச்சு?" என்றான். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"ஒரு வாரம் நாக்கு தடுமாறும். சத்தம் போட்டுப் பேசிப் பழகுங்க, சரியாயிரும்."

அளவெடுத்து, இரண்டு வாரம் கழித்துக் கழற்றி மாட்டுகிற பல் செட்டு கையில் வந்தது. ஒரு வாரம் சாரத்தின் மேல் நின்று தனக்குத்தானே பேசினான். கூட நின்ற பெங்காலிகளுக்கு நல்ல வேடிக்கை. அடுத்த வெள்ளிக்கிழமை மகளிடம், "அம்மாவைக் கூப்பிடு. ஒரே ஒரு வார்த்தை" என்றான்.

நாகவள்ளி வந்தாள்.

"வள்ளி, நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?"

அவள் அழுவது கேட்டது. "விட்டுட்டீங்களா? ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா. நீங்க குடிய விடணும்னு நேந்திருந்தேன். இருபத்தோரு நாளா விரதம். வர்ற செவ்வாக்கிழமை அக்கினிச்சட்டி எடுக்கேன்."

சும்மா இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் குடிக்காத குடிக்காக அவள் பட்டினி கிடந்திருக்கிறாள், நெருப்பைக் கையில் ஏந்தப் போகிறாள். அம்மையப்பனால் தாங்க முடியவில்லை.

"சட்டி எடுக்க வேண்டாம் புள்ள. நான் குடிக்கவே இல்ல. முன்பல்லு நாலும் போயிருச்சு, அதான் பேச்சு குழறுச்சு. இப்பப் பல்லு கட்டிட்டேன்."

"பல்லு எப்படிப் போச்சு?"

"பைப்பு அடிச்சிருச்சு."

"ஸ்டோருக்குள்ள பைப்பு எங்கிருந்து வந்து அடிச்சுச்சு?"

அவன் கட்டின பல்லை நாக்கால் தடவினான்.

"எத்தனை மாடி உயரம்?" என்றாள்.

"பெல்ட் போட்டிருந்தேன் வள்ளி."

"எங்கண்ணனும் இதைத்தான் சொல்லும்." குரலில் கோபமே இல்லை, ரொம்பக் களைத்திருந்தாள். "சட்டிய எடுக்கத்தான் போறேன். வேண்டுதல மட்டும் மாத்திக்கிடுறேன்."

"வள்ளி..."

"நீங்க குடிக்கீங்கன்னு நெனச்சப்ப, உங்கள வஞ்சு அழுதுட்டாவது தூங்கிருவேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் காலை நாலரைக்கு டூட்டி பஸ்.