உதாரணம் எழுதுகிறவன்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் ஆங்கில இலக்கணச் சொற்களை ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்ள எங்கள் பதிப்பகம் வருஷா வருஷம் ஒரு கைடு போடுகிறது. அட்டையில் அதன் ஆசிரியரான பேராசிரியர் இருப்பார். கன்னத்தில் ஒரு விரல், முதுகுக்குப் பின்னால் அவர் படிக்காத புத்தகங்கள். நவுன் என்றால் என்ன, வெர்ப் என்றால் என்ன என்ற விளக்கங்கள் அவருடையவை. அதாவது, அவருக்கு முன்னால் யார் யாரோ எழுதியவை. விளக்கங்களுக்குக் கீழே வரும் உதாரண வாக்கியங்கள் மட்டும் பிழை திருத்துகிற என்னுடையவை. "உதாரணந்தானேய்யா, போற போக்குல நீயே போட்டுடு" என்பார். அச்சகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். அவர் பேசியபின் வேறு யாரும் பேசுவதில்லை.

போன வருஷம் வரை என் உதாரணங்களில் பசு புல் தின்றது, சூரியன் கிழக்கே உதித்தது. இந்த வருஷம் அப்படி வரவில்லை.

என் மனைவி ஆங்கில டீச்சர். அவள் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறிப் பேசினாள். இறங்கி வந்ததும், கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் சுற்றி நிற்க, அவள் பேச்சில் மூன்று பிழைகளை எண்ணிச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் சிரித்தாள். அடுத்த மாதமே ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஓர் ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். எட்டு மாதம் ஆகிறது. போனில் பேசுவோம், மாத்திரை போட்டீங்களா, போட்டேன், அவ்வளவுதான். ஊரார் பிழையை எல்லாம் திருத்துகிற எனக்கு மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

ஆனால் அவள் வகுப்பில் நடத்துவது எங்கள் கைடுதான். எனவே அட்ஜெக்டிவுக்கு, 'வீடு அமைதியாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் போட்டேன். அட்வெர்புக்கு, 'மாலை மெதுவாகப் போகிறது.' ப்ரெபொசிஷனுக்கு, 'அவளுடைய குடை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.'

பக்கம் அமைக்கிற பெண் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்னண்ணே, இது பாடமா, துக்க வீடா?"

"அழுதுகிட்டே படிச்சா மனசுல நிக்கும்மா. நீ அடி."

கைடு வெளியாகி ஏழாவது வாரம், பேராசிரியர் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தார். அச்சுப் பிழைகளைக் கண்டுபிடித்து டீச்சர்கள் எழுதுவது வழக்கம்தான். கையெழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டேன்.

"யாருய்யா இந்தப் பொம்பள? பதினோரு தப்பு புடிச்சிருக்கா."

"என் வீட்டுக்காரி சார்."

"அப்ப வீட்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"வீட்ல இல்ல சார்."

பதினொன்றும் நிஜமான பிழைகள், நான் கோட்டைவிட்டவை. கடைசித் தப்பு நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. அதுவரைக்கும் வரி வரியாகப் படித்திருக்கிறாள். மாட்டிக்கொண்டவன் இவ்வளவு சந்தோஷப்படக் கூடாது. பன்னிரண்டாவதாக ஒரு குறிப்பு: 'உதாரணங்களைப் படித்துவிட்டு, இதை எழுதியவருக்கு உடம்பு சரியில்லையா என்று மாணவிகள் கேட்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரிவிக்கவும்.'

நாலு தடவை படித்தேன்.

"எனக்கென்னய்யா உடம்புக்கு? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் பேராசிரியர். "பதில் எழுது. ஆசிரியர் பூரண நலத்துடன் இருக்கிறார்ன்னு எழுது. பூரணத்த விட்டுடாத."

எழுதினேன். அவர் படித்துப் பார்க்காமல் மூன்று சுழிகளோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, கல் மாதிரியே நடந்து போனார். கையெழுத்துக்குக் கீழே நாலு விரற்கடை இடம் மிச்சம் இருந்தது. அதில் எழுதினேன்:

'உதாரணம் எழுதியவன் நலமாக இல்லை. எல்லார் முன்னாலும் அன்று அப்படிச் சொன்னது என் தப்பு. நீ நன்றாகப் பேசினாய். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வேண்டாம் என்றால் சொல்.'

திரும்பப் படித்தால் திருத்திவிடுவேன் என்று தெரியும். அப்படியே உறையை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த பிறகுதான், எந்தச் சனிக்கிழமை என்று எழுதவில்லை என்பது உறைத்தது. அதைக் கேட்பதற்காவது கூப்பிடுவாள் என்று, பெட்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.