சுருட்டனுக்கும் ஒரு குழை

நல்லரத்தினத்தின் நாய்க்கு என் மேல் மரியாதை இருந்ததில்லை. எனக்கும் அதன் மேல் இருந்ததில்லை. வால் சுருண்டு கிடந்ததால் அதற்குச் சுருட்டன் என்று பெயர் வைத்திருந்தான். நனைந்த உடம்போடு அது என் உடுத்த சாரத்தில் உரசிவிட்டால் எங்கள் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டுக் கழுவ வேண்டும். காட்டு வழியில் அதற்கெல்லாம் எங்கே போவது? அதனால் நடக்கும்போது என் கையில் எப்போதும் ஒரு கம்பு இருக்கும். நாய் கிட்ட வந்தால் ஓங்குவேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நல்லரத்தினத்தின் மறுபக்கம் போய்விடும்.

மாடுகள் என்னுடையவை, மேய்ப்பது அவன். மாரி விதைப்புத் தொடங்கிவிட்டால் ஓட்டமாவடியைச் சுற்றி எந்த வயல் வட்டையிலும் மாட்டுக்குக் கால் வைக்க இடமிருக்காது. பட்டியை மேற்கே ஓட்டிக்கொண்டு போய், குடும்பிமலை தெரிகிற புல்வெளியில் முள்வேலியால் காலை, அதாவது மாட்டுத் தொழுவம், அடைத்து, அறுவடை முடியும்வரை அங்கேயே வைத்திருப்போம். புல்வெளிக்கு அப்பால் அரசாங்கத்தின் ஒதுக்குக் காடு. எல்லைக்குக் கல் நட்டிருந்தார்கள். மாடு கல்லைத் தாண்டினால் வழக்கு. சுருட்டன் அந்தக் கல்வரிசையில் ஓடி ஓடி மாடுகளைத் திருப்பும். அந்த ஒரு விஷயத்தில் நான் அதைக் குறை சொன்னதில்லை.

அரிசியும் தேயிலையும் சீனியும் கொடுக்க நானும் அவ்வப்போது அவனோடு மேலே நடப்பேன். போகிற வழியில் காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாலை மரம். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு குழை, இலையோடு ஒரு சின்னக் கொப்பு, முறித்து அதன் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். யானையும் கரடியும் உள்ள காடு, காவல் தெய்வத்திடம் சொல்லிவிட்டுப் போகிறார்களாம்.

"எனக்குப் படைச்சவன் இரிக்கான், மரத்துக்கிட்ட சொல்லத் தேவையில்ல" என்பேன் நான்.

"நீங்க அங்கால பாத்துக்கொண்டு நில்லுங்க காக்கா. உங்கட பங்கை நான் போட்டுட்டு வாறன்." அண்ணன் முறைக்கு நல்லரத்தினம் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கடைசியாகச் சின்னதாய் இன்னொன்று. அது சுருட்டனுக்கு. நாயும் தன் குழை ஏறும்வரை மரத்தடியில் குந்தியிருக்கும்.

"நாய்க்குமா?"

"அதுவும் காட்டுக்குள்ள போற உசிர்தானே காக்கா."

பைத்தியக்காரன் என்று சொல்லிவிட்டு நடப்பேன். அவன் சிரித்துக்கொண்டே பின்னால் வருவான். பன்னிரண்டு வருஷமாக இதுதான் எங்கள் நடை.

எண்பத்தைந்து மார்கழியில் அப்படித்தான் போனோம். மேலே மாட்டுக் காலையில் காவலுக்கு இருந்தவர் கிழவர் அருமைநாயகம். நாங்கள் போன இரவு நெற்றிச்சுட்டிப் பசு ஈன்றது. கன்று காலூன்றி நடக்கும்வரை சுருட்டன் பசுவை விட்டு அசையாது. சிறுத்தை உலாவுகிற இடம் என்பதால் அது அதற்குப் பழகிப்போன வேலை. மறுநாள் அதை அங்கேயே விட்டுவிட்டு, தயிர் முட்டிகளைக் காவுத் தடியில் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு நல்லரத்தினம் முன்னே நடக்க, நான் பின்னால் இறங்கினேன்.

பாலை மரத்தடியில் ஆமிக்காரர்கள் நின்றார்கள்.

அவர்களுக்குத் தலைவனாக இருந்த சார்ஜன் என்னைவிட இளையவன். பொலன்னறுவைக்கு நெல் ஏற்றிப் பழகிய எனக்குச் சிங்களம் நன்றாக வரும். எத்தனை பேர் உள்ளே போனீர்கள் என்று கேட்டான். இரண்டு பேர் என்றேன். அவன் மரத்தைக் காட்டினான். பழைய குழைகள் காய்ந்து சருகாகத் தொங்க, நடுவில் மூன்று மட்டும் பச்சையாக இருந்தன.

"நானும் வயல்காரன் மகன்தான். எங்க ஊர்க் காட்டுக்குள்ள போனாலும் ஆளுக்கொரு கொப்பு முறிச்சுத் தொங்கவிடுவோம். மூணாவது ஆள் எங்கே? இயக்கக்காரன் யாரை உள்ளே கொண்டுபோய் விட்டுட்டு வாறீங்க?"

நான் அதைத் தமிழில் சொன்னதும் நல்லரத்தினம் சிரித்துவிட்டான். அவனுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. "அது சுருட்டன்ட குழை எண்டு சொல்லுங்க காக்கா."

சொன்னேன். சார்ஜன் சிரிக்கவில்லை. "எந்த ஊரில் நாய்க்குக் கொப்புப் போடுவார்கள்?" என்று கேட்டுவிட்டு நல்லரத்தினத்தைக் கன்னத்தில் அறைந்தான். இன்னொருவன் காவை உதைத்தான். முட்டிகள் உடைந்து தயிர் மண்ணில் ஓடியது. நாய் எங்கே என்றான். மேலே, கன்று போட்ட பசுவோடு என்றேன். நாயை விட்டுவிட்டு எந்தப் பட்டிக்காரன் காட்டில் நடப்பான் என்றான். கேள்வி நியாயமான கேள்விதான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் அவன் சொன்னான்: "நீ போ. நாயோ மனுஷனோ, அந்த மூணாவதைக் கொண்டு வா. பொழுது சாயுமுன் வரவேண்டும். இவன் இங்கே இருப்பான்."

நல்லரத்தினத்தின் கையைப் பின்னால் கட்டி மரத்தடியில் உட்காரவைத்தார்கள். கடைவாயில் இரத்தம். "மெல்லமாப் போங்க காக்கா, நான் எங்க போகப்போறன்" என்றான்.

நான் ஓடினேன். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, இலுக்குப் புல் காலை அறுத்தது. ஓடும்போது ஒரு நினைப்பு வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கென்று அவன் போட்ட குழையைப் போடாமல் விட்டிருந்தால் கணக்குச் சரியாக வந்திருக்கும். இரண்டு குழை, இரண்டு ஆள். வேண்டாம் வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னேன்! அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

மாட்டுக் காலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கன்று எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது. சுருட்டன் பக்கத்தில் படுத்திருந்தது. கூப்பிட்டேன். உறுமியது. "அவன் கூப்பிட்டாத்தான் வரும் தம்பி" என்றார் அருமைநாயகம். கழுத்தில் கயிறு போட்டு இழுத்தேன். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தது. பன்னிரண்டு வருஷம் கம்பு ஓங்கியவன் கூப்பிட்டால் அது ஏன் வரவேண்டும்?

கம்பை எறிந்துவிட்டு அதைத் தூக்கினேன். மழையில் ஊறிய நாய், மாட்டுச் சாணி நாற்றம், எச்சில் என் கழுத்தெல்லாம் வழிந்தது. ஏழு தரம் என்ன, எழுநூறு தரம் கழுவிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லைக் கற்களின் ஓரமாகத் திமிறிக்கொண்டே வந்தது. வழியில் குறுக்கிடும் ஓடைக்கு வந்தபோது வெள்ளம் கூடியிருந்தது, நெஞ்சளவு. தண்ணீரில் இறங்கியதும் நாய் திமிறலை விட்டுவிட்டுத் தாடையை என் தோளில் வைத்துக்கொண்டது.

"உன்ட ஆள்ட்டத்தான் போறம், அசையாத வாப்பா" என்றேன். ஒரு நாயை, பெற்ற பிள்ளையைக் கொஞ்சுவதுபோல, வாப்பா என்று அழைப்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவரோடு சண்டை பிடித்திருப்பேன்.

மலையின் உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. பாலை மரத்தடியில் நல்லரத்தினம் இல்லை.

நாயை இறக்கிவிட்டேன். அது நேரே மரத்தடிக்கு ஓடியது. உடைந்த முட்டியை மோந்தது, அறுந்து கிடந்த கயிற்றை மோந்தது. பிறகு குழைகளுக்குக் கீழே, தான் எப்போதும் குந்தும் இடத்தில் குந்திக்கொண்டு முனகியது. சார்ஜன் மரத்தைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். அவன் முகம் மாறிப்போனது.

"உண்மையாகவே நாய்தானா" என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "முகாமிலிருந்து ட்ரக் வந்தது. மேலதிகாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்."

"நாய்தான் வந்துட்டுதே. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் சொல்லி ஆகிற காரியம் இல்லை. முகாமில் போய்ச் சொல்."

முகாமில் போய்ச் சொன்னோம், நானும் நல்லரத்தினத்தின் மனைவி சின்னத்தங்கமும். அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள். வேறு முகாமுக்குப் போனோம். அங்கேயும் இல்லை. குழையையும் நாயையும் பற்றி ஒவ்வொரு வாசலிலும் சிங்களத்தில் சொல்லிச் சொல்லி எனக்கே அது கட்டுக்கதை போலப் பட்டது. ஒருநாள் பஸ்சுக்கு நிற்கும்போது சின்னத்தங்கம் கேட்டாள்: "காக்கா, குறை நினைக்காதீங்க. அண்டைக்கு நீங்க சிங்களத்துல சரியாத்தான் சொன்னீங்களா?"

"ஓம் தங்கச்சி, சரியாத்தான் சொன்னன்" என்றேன்.

அடுத்த மாரி வந்தது. வட்டையில் விதைத்துவிட்டார்கள், மாடுகள் மேலே போயாக வேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த வழியில் நடக்க எவனுக்கும் துணிவில்லை. நானே ஓட்டிக்கொண்டு போனேன். சுருட்டன் முன்னே போனது. பாலை மரத்தடியில் குந்திக்கொண்டது. மாடுகள் உள்ளே போய்விட்டன, அது எழும்பவில்லை.

நான் கை நீட்டிக் குழை முறித்தேன். எனக்கு ஒன்று, நாய்க்குச் சின்னதாய் ஒன்று. பிறகு நன்றாகத் தழைத்த கொப்பாகப் பார்த்து இன்னொன்று. நான் மரத்தைக் கும்பிடவில்லை, அது என்னைப் படைத்தவனுக்குத் தெரியும். அது ஆள் கணக்கு. மூன்றும் ஏறிய பிறகுதான் நாய் எழும்பி நடந்தது.

மாடுகளைக் கிழவரிடம் விட்டுவிட்டு நாயோடு இறங்கி வரும்போது அதே இடத்தில் ஆமிக்காரர்கள் நின்றார்கள். ஆட்கள் வேறு. அவர்களிலும் ஒருவனுக்கு அந்த வழக்கம் தெரிந்திருந்தது. துவக்குக் குழலின் முனையால் கிளையைத் தட்டினான்.

"மூணு கொப்பு பச்சையாக இருக்கு. நீ ஒருத்தன்தானே வாறாய்?"

"ஒண்டு எனக்கு. ஒண்டு இந்த நாய்க்கு."

"மூணாவது ஆள் எங்கே?"

இந்தத் தரம் ஒரு சொல்லும் பிசகக்கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சிங்களத்தில் சொன்னேன்.

"அவர் பேர் நல்லரத்தினம். நீங்கதான் கொண்டு போனீங்க. எங்கே எண்டு நீங்கதான் சொல்லணும்."