ஜுல்மிராக்காவின் காலி வட்டம்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்; பாதியில் நீங்களே கண்டுபிடித்தால் மீதியை நம்ப மாட்டீர்கள்.

1990, ஏப்ரல். அமெரிக்காவின் பாடக்கெட் நகரில் மூன்றடுக்கு மர வீடு ஒன்றின் மேல்தளத்தில் நான் குடியிருந்தேன். நடுத்தளத்தில் ஜுல்மிரா தவாரிஸ் குடும்பம், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டி தீவுக்காரர்கள். பதினோரு வருடம் என் ஞாயிற்றுக்கிழமைகள் அவர்கள் வீட்டுச் சோளமும் பீன்ஸும் பன்றிக்கறியும் கொதிக்கும் கச்சூப்பாவில்தான் கழிந்தன. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை ஜுல்மிராக்கா, மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தைத் தானே நிரப்பிவிட்டு, இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

வீட்டில் ஒவ்வொருவரும் என்ன இனம் என்று வெள்ளை, கறுப்பு, மற்றவை என்ற வட்டங்களில் ஒன்றை நிரப்பச் சொல்லும் கேள்வி அதில் இருந்தது. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "ஒரே வயித்துல வெள்ளைக்காரப் பொண்ணு ஒண்ணு, கறுப்புப் பொண்ணு ஒண்ணுன்னு பெத்த ஆளு இந்தத் தெருவுலயே நீங்க ஒருத்திதான்க்கா."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் நில்சா மட்டும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

2

எழுதி அடித்துவிட்ட ஆரம்பங்கள் இரண்டு.

'ஜுல்மிரா தன் குடும்பத்தை வரிசையாக நிறுத்திவைத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, ஒவ்வொருவராக—' (இல்லை. யாரையும் நிறுத்தவில்லை. அவர்கள் அவரவர் வேலையில் இருக்க, இவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துப் பார்த்து நிரப்பினார்.)

'தீவில் யாரும் யாருடைய நிறத்தையும்—' (சுத்தப் பொய். தீவில் நிறத்துக்குப் பத்துப் பெயராவது இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. நெட்டை, குட்டை என்று அடையாளம் சொல்கிற மாதிரி சந்தையில் சத்தமாகவே சொல்வார்கள். யாருக்குச் சுருளாத 'நல்ல முடி' என்கிற குத்தலும் உண்டு. அது நமக்குத் தெரியாத சங்கதியா என்ன. ஆனால் எந்தப் பெயரும் யாரையும் வீட்டை விட்டு வெளியே அனுப்பியதில்லை.)

3

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

ஜுல்மிராக்காவுக்குக் கவரிங் நகைத் தொழிற்சாலையில் கல் பிரிக்கிற வேலை. நமக்கு ஒரே நிறமாகத் தெரிகிற கற்களை அவர் விளக்கடியில் எட்டுக் கிண்ணங்களில் போடுவார், ஒன்று தப்பாது. படிவத்தையும் அந்தக் கண்ணோடுதான் நிரப்பினார். ஆளுக்கு ஒரு வட்டம்தான் என்று போட்டிருந்ததில் அவருக்கு ஒரு குழப்பமும் வரவில்லை, ஒரு கல் இரண்டு கிண்ணத்தில் கிடக்காது.*

பெரியவள் இவோனி: வெள்ளை. சின்னவள் நில்சா: கறுப்பு. கணவர் தியோதோரு ரோடு போடுகிறவர், கோடையில் ஒரு நிறம், பனிக்காலத்தில் ஒரு நிறம். அவரிடம் மட்டும் கேட்டார். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏப்ரல் ஒண்ணாந்தேதிக் கணக்குதானே? ஏப்ரல்ல நான் கொஞ்சம் வெளுப்பு" என்றார். அவருக்கு 'மற்றவை'.

படிவத்தில் முதல் ஆள் ஜுல்மிரா. அந்த வட்டம் காலி. ஏன் என்று பிற்பாடு கேட்டதற்கு, அடுப்படியில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லையே என்றார்.

(* ஒவ்வொருவரும் தன்னை என்னவாகக் கருதுகிறாரோ அதையே குறிக்கவும் என்று அங்கே எழுதியிருந்தது. சின்ன எழுத்து. நானும் படிக்கவில்லை.)

4

நில்சாவுக்கு அப்போது பதினாறு. இந்தப் பெண்ணை எழுதத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. முதல் பிரதியில் அழவிட்டேன். அவள் அழுகிற ரகமில்லை. நான் படியேறிப் போன பிறகு அவள் அம்மாவிடம் பேசியது பலகைச் சுவர் வழியாக மேலே கேட்டது.

"கறுப்புன்னு போட்டதுக்குக் கோவமில்லம்மா. நான் கறுப்புதான், ஸ்கூல்ல நானே அப்படித்தான் சொல்லிக்கறேன். அக்காவ எதுக்கு வேற பக்கம் தூக்கி வச்சே? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கட்டில்."

"கண்ணுல பட்டதைத்தானேடி போட்டேன்."

"அதான். உன் கண்ணுக்கு நாங்க அப்படித்தான் படறோம்."

ஜுல்மிரா படிவத்தை எடுத்துப் பார்த்தார். பென்சிலில் போட்டதுதான், அழித்து எழுதலாம். அழித்த காகிதத்தைப் பார்த்தால் அரசாங்கம் சந்தேகப்படும் என்று பயம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எந்தக் காகிதத்திலும் அவர் அழித்ததில்லை. மறுநாள் அப்படியே தபாலில் போட்டுவிட்டார்.

அதன் பிறகு நில்சா அம்மாவிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அப்பாவிடம் கேட்டாள். ஆறு வாரம். மாவு பிசையும்போதும் கல் பிரிக்கும்போதும் ஜுல்மிராவுக்கு ஒரே யோசனைதான்: பெற்ற பிள்ளையே என் கண்ணை நம்பாமல் போய்விட்டாளே, இதை எப்படிச் சரிசெய்வது. என் மேல் அவருக்குக் கோபமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கச்சூப்பாவில் எனக்குக் கறித்துண்டு மட்டும் குறைந்தது.

(இவோனியைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். தன்னை வெள்ளை என்று போட்டதைக் கேட்டு அவள் அரை மணி நேரம் சிரித்தாள். அப்புறம் போய்த் தங்கைக்குத் தலை பின்னிவிட்டாள். இதற்கு மேல் அவளுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

5

மே மாதம், மழை நாள். கதவு தட்டப்பட்டது. நில்சா திறந்தாள்.

கணக்கெடுப்புக்காரரை முதலில் கண்டிப்பான ஆசாமியாக எழுதியிருந்தேன். சௌகரியத்துக்காக. உண்மையில் வந்தது ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. காலணி முழுக்க ஈரம், உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார். படிவத்தில் ஒரே ஒரு வட்டம் விட்டுப்போயிருக்கிறது என்றார்.

ஜுல்மிரா அடுப்படியில் இருந்தார். அகப்பை நின்றது.

"முதல் ஆள் உங்கம்மாவாம்மா? அவங்கள என்னன்னு போட்டுக்கட்டும்?"

ஜுல்மிரா போய்ப் பேசியிருக்கலாம். அந்த அளவுக்கு இங்கிலீஷ் அவருக்கும் வரும். போகவில்லை. இந்தப் பெண் இப்போது பழி தீர்ப்பாளா என்று பயமாக இருந்தது. அதைவிட, அவள் தன்னை என்னவென்று சொல்வாள் என்று கேட்டே ஆகவேண்டும் போலவும் இருந்தது.

நில்சா வாசலிலிருந்து திரும்பினாள். அடுப்படிப் பக்கம் பார்த்தாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக அம்மாவைப் பார்த்தாள், அவசரமே இல்லாமல், தலைத்துணியிலிருந்து செருப்புவரை. கச்சூப்பா அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

6

இங்கே முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

ஒன்று: "என்னைப் போட்ட வட்டத்துலயே போடுங்க" என்கிறாள் நில்சா. அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து— (சினிமா.)

இரண்டு: 'மற்றவை' என்று குறித்து, பக்கத்தில் கேப் வெர்டி என்று எழுதச் சொல்கிறாள். மாதா கோயில் அறிவிப்பில் அப்படி எழுதும்படிதான் சொல்லியிருந்தார்கள். (சரியான பதில்தான். சரியான பதில் சொல்லும் மனநிலையில் அவள் இல்லை.)

மூன்று: அம்மாவையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று உள்ளே போய்— (ஜுல்மிராவை இப்படித் தனியாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.)

மூன்றையும் போன வாரம் நில்சாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மூணும் தப்பு. நான் வாயே திறக்கல. அந்தம்மாகிட்டேர்ந்து பென்சில வாங்கி நானே போட்டேன்."

"எதை?"

"உன் வாயப் பத்தித் தெரிஞ்சுமா சொல்லுவேன்?"

நியாயம்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் அம்மாவிடம் உப்புக் கேட்டாளாம். அவ்வளவுதான். அம்மாவும் எதைக் குறித்தாய் என்று கேட்கவில்லை, இன்றுவரை. கேட்டால் சொல்லிவிடத் தயாராகத்தான் இருக்கிறாளாம்.

போனை ஜுல்மிராக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். எண்பத்தைந்து வயது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்றேன்.

"அவ என்னை எவ்ளோ நேரம் பார்த்தா தெரியுமா தம்பி? நான் அவள ஒரு நிமிஷம்கூடப் பார்க்காம போட்டேன். கச்சூப்பா அன்னிக்குக் கரிஞ்சே போச்சு."

7

அந்தக் காகிதங்களை எழுபத்திரண்டு வருடம் பூட்டி வைப்பார்கள். 2062-இல் திறக்கும்போது இருப்பவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுத வேண்டாம், நான் இருக்க மாட்டேன்.

அதுவரை பொறுக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை தூரம் வந்தும் ஜுல்மிராக்கா என்ன நிறம் என்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மறதியில்லை. ஆனால் அகப்பையோடு அவர் நின்றபோது உங்களுக்கு ஒரு முகம் தெரிந்ததே, அதற்கு ஒரு நிறமும் இருந்திருக்கும். அவரை நீங்கள் அதற்குமுன் எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பென்சிலால்தான் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.