காணிக்கைக் கவர்

ஷாஜன் அத்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பி எழுபத்திரண்டு நாட்கள். எனக்கு மாதவிலக்கு வந்து தொண்ணூற்றாறு நாட்கள். இரண்டு கணக்கும் அவருடைய அம்மாவிடம் இருந்தது. கல்யாணமாகி ஐந்து வருடமாக மாமி இதற்குத்தான் ஜெபித்தார்.

நான் இரண்டு ஆள் சோறு தின்றும் மெலிந்தேன். கை நடுங்கியது.

“தின்னதெல்லாம் பிள்ளைக்குப் போவுது” என்றார் மாமி. நைட்டியில் பால் கசிந்ததைப் பார்த்து, “இப்பமேயா! அப்பனப் போல அவசரக்காரன்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இரண்டு முறையும் ஒற்றைக் கோடுதான் விழுந்தது என்று சொல்லவில்லை.

தைராய்டு பார்க்க நாகர்கோவிலுக்குத் தனியாகப் போனேன். தைராய்டு ஹார்மோன் கூடினால் அதைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். இறங்க வேண்டும், பி.எஸ்சி.யில் படித்ததுதான். எனக்கு அது கூடியும் இது இறங்கவில்லை. பால் சுரக்கவைக்கும் ஹார்மோனும் மிக அதிகம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இந்த இரண்டையும் சுரக்கும், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரியில் பதினொரு மில்லிமீட்டர் கட்டி. புற்றுநோய் இல்லை, சிகிச்சைக்குப் பிறகு குழந்தைக்கு வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர்.

வீட்டுக்குத் திரும்ப வடசேரியில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது நெஞ்சு நனைந்திருந்தது. ஷாலை இழுத்து மூடினேன். யாருக்கான பால் இது?

ஞாயிறு காலை மாமி சர்ச்சுக்குக் கிளம்பி நின்றார். கையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர். ‘மருமகள் ஜெப்சிக்குக் கர்ப்பத்தின் கனி தந்ததற்காக’ என்று எழுதியிருந்தார். எங்கள் சபையில் போதகர் ஐயர் ஒவ்வொரு கவரையும் சத்தமாக வாசிப்பார்.

“இன்னும் கொஞ்ச நாள் கழியட்டும், மாமி.”

“கர்த்தருக்கு நன்றி சொல்ல நாள் பாக்கணுமா மக்கா?”

அப்போது அத்தான் என் போனில் வீடியோவில் வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“ஏட்டி, எனக்க மவன் என்ன சொல்லுதான்?”

“நீங்க எப்ப வருவீங்க?”

“பேறு நேரத்துக்கு லீவு கேட்டாச்சு. பிள்ளன்னதும் மேனேஜர் உடனே சரின்னுட்டான். இல்லேன்னா ரெண்டு வருசம் அசையமுடியாது, கேட்டியா?”

ஆறு மாதத்தில் அவர் வாசலில் இறங்குவதை நினைத்துக்கொண்டேன். பெட்டியை வைத்துவிட்டு முதலில் என் கையைத்தான் பிடிப்பார். பேசாமல் இருந்துவிடலாம்.

மாமி செருப்பில் காலை நுழைத்தார். நான் கவரைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னட்டி செய்யுத, மணி அடிச்சாச்சு!”

போனை மாமிக்கும் தெரியும்படி திருப்பினேன்.

“மாமி, இத வாசிக்கக் குடுக்காதீங்க. அத்தான், நீங்களும் கேளுங்க. வயித்துல பிள்ள இல்ல. தலைக்குள்ள கட்டி இருக்கு.”