இருபத்து நான்காவது இடம்

பி.காம். படிப்பில் போன வருடம் வரை அரசு உதவி பெறும் இடங்கள் நாற்பத்தெட்டு இருந்தன. ஓய்வு பெற்ற பேராசிரியர்களின் இடத்துக்கு அரசு மானியம் தர மறுத்துவிட்டதால் இந்த வருடம் இருபத்து நான்குதான். மீதி இடங்கள் மதிய ஷிப்டுக்கு, சுயநிதிப் பிரிவுக்குப் போயின. அதே வகுப்பறை, அதே பெஞ்சு. காலையில் உட்கார்ந்தால் வருடத்துக்கு மூவாயிரம். மதியம் உட்கார்ந்தால் முப்பத்திரண்டாயிரம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியில் ஸ்டெபின் எழுத்தர். காலை ஷிப்டுக்குத் தேர்வானவர்களின் பட்டியலை அவன்தான் தட்டச்சு செய்தான். இருபத்து நான்காவது பெயர் மாரிக்கனி. காத்திருப்போரில் முதல் பெயர் அவன் தங்கை பிளஸ்ஸி. ஒரு மதிப்பெண் வித்தியாசம்.

மாரிக்கனிக்கு ராஜபாளையத்தில் அவன் வீட்டுக்கு அடுத்த தெரு. அவள் அப்பா சேதுபதிக்கு ராணுவப் பென்ஷன் வருகிறது. வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு இருக்கிறது. விண்ணப்பம் கொடுக்க வந்த அன்று அவர் மகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள். ஸ்டெபின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவும் இருக்கிறவளுக்கு அந்த ஒரு மதிப்பெண்ணும் எதற்கு? பிளஸ்ஸிக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. அவன் சம்பளமோ பதினோராயிரம்.

தேர்வானவர்களுக்கு அலுவலகப் போனிலிருந்துதான் தகவல் சொல்ல வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை, மூன்று தடவை. மூன்றிலும் எடுக்காவிட்டால் நோட்டில் 'எடுக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம்.

இருபத்து மூன்று பேரிடமும் ஒழுங்காகப் பேசினான். மாரிக்கனியின் எண்ணுக்கு ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டான். பத்து மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று. நோட்டில் எழுதினான். பிறகு தன் செல்லை எடுத்து பிளஸ்ஸியைக் கூப்பிட்டான்.

"சர்டிபிகேட்டெல்லாம் எடுத்து வையி."

"கெடைச்சிருச்சாண்ணே?"

"எடுத்து வையின்னு சொன்னேன்லா."

டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது கண்காணிப்பாளர் கண்ணுச்சாமி போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏலே ஸ்டெபின், மூணு மிஸ்டு கால் குடுத்திருக்கியாம்லா. கவர்மென்ட்டு மானியத்தை வெட்டுச்சுன்னு நீ போன் பில்லையும் வெட்டுதியோ? இந்தா, பிள்ள பேசுது."

ஒரு ரிங் விட்டு வைத்தால் இந்த ஊரில் அதற்குப் பொருள், திருப்பிக் கூப்பிடு என்பதுதான். அது அவனுக்குத் தெரியாததா? இன்றைக்கு மட்டும் எப்படியோ மறந்துபோயிருந்தது.

"சார், டைப்பிங் கிளாஸ்ல இருந்தேன். இப்பத்தான் பார்த்தேன்," என்றாள் மாரிக்கனி.

கண்ணுச்சாமி நகரவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலை ஷிப்டுல இடம் கெடைச்சிருக்கு," என்றான் ஸ்டெபின். "நாளைக்கு நாலு மணிக்குள்ள ஒரிஜினலோட வரணும்."

மாரிக்கனி குரலை அடையாளம் கண்டுகொண்டாள். "ஸ்டெபின் அண்ணனா? பிளஸ்ஸிக்கும் கெடைச்சிருச்சாண்ணே?"

"இல்ல. அடுத்த பேரு அவதான்."

"யாராச்சும் ஒராளு விட்டாப் போதும்லாண்ணே. கெடைச்சிரும்."

போனை வைத்தான். அவள் நல்லவளாகவும் இருந்தது அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

கண்ணுச்சாமி நோட்டை அவன் முன்னால் தள்ளினார். "உன் தங்கச்சி பேரு எங்க இருக்குன்னு எனக்கும் தெரியும்லே. இதை அடிச்சுட்டு ஒழுங்கா எழுது. பொறவு நான் கையெழுத்துப் போடுதேன்." சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

அடித்தான். எழுதினான். பிளஸ்ஸியைத் திரும்பவும் கூப்பிட்டான்.

"கெடைக்கல. மாரிக்கனிக்குப் போயிருச்சு."



"அவியளுக்குத்தான் தோப்பு இருக்கே," என்றாள் பிளஸ்ஸி. "மத்தியானத்துக்குப் பணம் கட்டிப் படிச்சா என்ன கொறஞ்சிரும் அவளுக்கு?"

பள்ளிக்கூடம் முழுக்க மாரிக்கனியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் பிளஸ்ஸி. ஸ்டெபின் மேசை இழுப்பறையைத் திறந்தான். மதிய ஷிப்டு விண்ணப்பம் ஒன்றை இழுத்து அவள் பெயரை எழுதினான். ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"இருக்கியாண்ணே?" என்றாள்.

"இருக்கேன்," என்றான்.