குப்பைமேனி மேல் போட்ட பழி

என் கடைக்கு வருகிறவர்களை இரண்டு வகையாகத்தான் பிரித்து வைத்திருந்தேன். விலை கேட்பவர்கள் ஒரு வகை, வேறு கலர் கேட்பவர்கள் இன்னொரு வகை. டப்பாவைத் திருப்பி அதன் முதுகைப் படிக்கிற மூன்றாவது வகையும் உலகத்தில் உண்டு என்று எனக்குக் காட்டியவள் தேவிப்பிரியா.

திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட்டுக்குத் திரும்பும் வழியில் இருக்கிறது எங்கள் ஃபேன்சி ஸ்டோர். வளையல், பொட்டு, சோப்பு, கிரீம், நாப்கின் எல்லாம் உண்டு. நாப்கினைப் பேப்பரில் சுற்றிக் கொடுக்கிறவளுக்குத் தெரியாமல் ஒரு தெருவில் எந்தக் குடும்பச் சேதி இருக்க முடியும்? என் வீட்டுக்காரர் கண்ணையன் கல்லாவில் உட்கார்ந்திருப்பார், வாய் திறக்க மாட்டார். வீட்டுக்கு ஒருத்தர் பேசினால் போதும் என்பது அவர் கொள்கை.

தேவிப்பிரியா, எங்கள் தெரு ரஞ்சிதத்தின் மருமகள். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் பவர்லூம் ஓடுகிறது. மாமியாரும் மகன் தீனதயாளனும் தறியைப் பார்க்க, இவள் தாலுகா ஆபீஸ் எதிரே இ-சேவை மையத்தில் வேலைக்குப் போகிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கு நல்ல கிராக்கி. நெயில் பாலிஷ், சென்ட், பவுடர், எது புதிதாக வந்தாலும் முதலில் அவள் மேல்தான் குடியேறும்.

அப்பேர்ப்பட்டவள், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து கடை காலியாக இருந்த ஒரு மத்தியானம் வந்து, ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் திருப்பி, செல்போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, எதிர்ல கடை போடப் போறியா?" என்றேன்.

"இல்லக்கா, சும்மா."

"சும்மா போட்டோ புடிக்க இது இன்னா மலைக்கோயில் கோபுரமா?"

அவள் வெள்ளை டப்பா ஒன்றை எடுத்தாள். ராத்திரி பூசிக்கொண்டு படுத்தால் காலையில் சிவப்பாக எழுந்திருக்கலாம் என்று பெண்கள் தேடிவந்து வாங்கும் கிரீம் அது.

"இதுல இன்னாக்கா இருக்கு?"

"வெளுப்பு இருக்கு."

"அது இல்லக்கா. இன்னா போட்டு செய்யறாங்க? கம்பெனி பேரு, ஊரு ஒண்ணுமே போடலியே."

"கொண்டாந்து குடுக்கறவன் பேரு கஜபதி. ஊரு கனகம்மாசத்திரம். போதுமா?"

சிரித்துவிட்டாள். ஆனால் டப்பாவை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் போடுவதைப்போல ஓரமாக வைத்தாள். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். தாடையிலும் கன்னத்திலும் பரு சிவந்து கிடந்தது. பருவுக்கு ஒரு ட்யூப் பூசிக்கொண்டிருந்தாளே, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றாள். ஏன் என்றேன். அடுத்த டப்பாவைத் திருப்பினாள்.

சென்ட் வேண்டாம், நெயில் பாலிஷ் வேண்டாம், நன்றாக வேலை செய்த ட்யூபும் வேண்டாம். வேறு ஒருத்தியாக இருந்தால் தறி நின்றுவிட்டது, பாவம் கஷ்ட ஜீவனம் என்று முடிவு கட்டி, சாயங்காலத்துக்குள் தெருவுக்கும் சொல்லியிருப்பேன். இவள் அடுத்து எடுத்தது என் கடையிலேயே விலை கூடிய, வாசனையே இல்லாத சோப்பு. கணக்கு வேறாக இருக்கிறதே!

"நாள் தள்ளியிருக்கா?" என்று குரலை இறக்கிக் கேட்டேன்.

"இல்லக்கா. இன்னும் இல்ல." கண்ணையன் காதில் விழாதபடி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தள்ளணும்னுதான் பாத்துகினு கீறோம். திருவள்ளூர்ல ஒரு டாக்டரம்மா கிட்ட போனோம், அவரும் நானும். பருவுக்குப் போடற சில மருந்து வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆவாதாம். பேரில்லாத கிரீம்ல பாதரசம் கூட இருக்குமாம். உண்டாயிருக்கிறது நமக்குத் தெரியறதுக்குள்ளயே நாளு போயிடுதே, அத்தொட்டு முன்னாடியே நிறுத்திடுங்கன்னாங்க."

"சரி, நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் திருடி மாதிரி மத்தியானத்துல வர்ற?"

அவள் கண் நிறைந்துவிட்டது. போன வருஷம் நடந்தது எனக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். அவள் உண்டானதும் ரஞ்சிதம் சந்தோஷம் தாங்காமல் ஆந்திரா பக்கம் நகரியில் இருக்கும் நாத்தனார் வரைக்கும் போன் போட்டுச் சொல்லி, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, வளைகாப்புக்குப் புடவை கலர்கூடப் பேசிவிட்டாள். பிறகு அது கலைந்துபோயிற்று. ஸ்வீட் தின்ற வாயெல்லாம் அதற்கப்புறம் மாசாமாசம் கேட்டன. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கேட்டன, மலைப்படியில் கேட்டன, இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழுக்கு வந்த இடத்திலும் கேட்டன, "இன்னாம்மா, விசேஷம் எதுனா?" என்று. நான் அதிகம் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டதோடு சரி.

"கேக்கறவங்க கேட்டுட்டுப் பூடறாங்கக்கா. நான்தான் அத்த தூக்கிகினு வீட்டுக்குப் போறேன்," என்றாள். "இந்த வாட்டி யாருக்கும் தெரியாம இருக்கணும். அத்தைக்குக் கூட சொல்லல. அவங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். இப்ப பாருங்க..." என்னைப் பார்த்தாள், தன் வீடு தீப்பிடிப்பதைத் தெரு முனையில் நின்று பார்க்கிறவளைப்போல. "இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு."

"ஏன், நான் சொல்லிடுவேனா?"

"நீங்க இருக்கீங்கன்னுதான் நம்ம தெரு அம்மன் கோயில்ல மைக் செட்டே வாங்கல."

இந்த நக்கலுக்குக் கல்லாவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. எத்தனை மெதுவாகப் பேசியும் பிரயோசனமில்லை, மனுஷனுக்கு வாய்தான் இல்லை, காது உண்டு.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஊரின் ரகசியங்கள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன, ஆனால் ஒன்றுகூடச் சொந்தக்காரர் கையால் கொடுத்து வந்ததில்லை. எல்லாம் நானே எடுத்துக்கொண்டவை. "உன் புருஷன் தலைமேல அடிச்சு சத்தியம் பண்றேன்" என்றேன். "என் புருஷன் தலை எதுக்கு, உங்க புருஷன் தலை அதோ இருக்கே" என்றாள். சரி என்று கண்ணையன் தலையில் அடித்தே சத்தியம் செய்தேன். கொஞ்சம் பலமாகவே.

அந்தப் பெரிய கடையில் அவளும் நானும் அலசிப் பார்த்து, கடைசியில் அந்த வாசனையில்லாத சோப்பு, ஒரு பச்சை லேபிள் தேங்காய் எண்ணெய், டாக்டர் பெயர் எழுதிக் கொடுத்த வெயில் கிரீம், இவ்வளவுதான் தேறின. என் அலமாரிகளைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது. வெள்ளை டப்பாக்களைக் கஜபதி அடுத்த முறை வந்தபோது திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏங்க்கா, நல்லாத்தானே போவுது?" என்றான். "நீ ஒரு வாரம் பூசிகினு வா, அப்புறம் பேசலாம்" என்றேன். அவன் பூசிக்கொள்ளத் தயாராக இல்லை.

இனி முகத்துக்கு வருவோம். ஆவணியில் ரஞ்சிதத்தின் மகள் மோனிகாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மருமகள் முகம் இப்படி ஆனால் தெரு சும்மா இருக்குமா? எங்கள் தெருவில் வாயை மூடிக்கொண்டு ரகசியம் காக்க முடியாது. மூடிய வாயில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்துவிடுவார்கள். வேறொரு கதையைத் திறந்து விடுவதுதான் வழி. ஆகவே, அவர்கள் வீட்டு போர் தண்ணீர் மாறிவிட்டது, அந்தப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு பேரிடம் சொன்னேன். நான் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் அப்படி. வாரம் முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரிக்கு அரிப்பு, எதிர் வீட்டுக்காரிக்கு முடி உதிர்வு, கோடி வீட்டுக் கிழவருக்கு முழங்கால் வலி, எல்லாம் தண்ணீரால். கேன் தண்ணீர் வண்டி தினம் இரண்டு நடை வந்தது.

ஒருநாள் ரஞ்சிதம் கடைக்கு வந்து நின்றாள்.

"எங்க ஊட்டுத் தண்ணியில இன்னா கொறை கண்ட, அம்சா?"

நான் வளையல் அடுக்கைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். அவள் கண்ணையனைப் பார்த்தாள். அவர் எழுந்து டீக்கு வெளியே போனார். இவ்வளவு சுறுசுறுப்பை நான் அவரிடம் கண்டதில்லை.

"உங்கிட்ட சொல்லியிருக்கா. அதானே?" என்றாள் ரஞ்சிதம்.

"இன்னா சொன்னா?"

"நடிக்காத. தெனம் ராத்திரி சாப்ட்டப்பறம் ஒரு மஞ்ச மாத்திர போடறா. போன வருஷம் அதே மாத்திரதான் ஆசுபத்திரியில குடுத்தாங்க. எனக்குத் தெரியாதா?" ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக் கூடாது, ஆங். தெரிஞ்சா எம் மூஞ்சியப் பாத்துப் பாத்து நாளு எண்ணுவா. போன வாட்டி நான்தானே வாய அடக்காம நகரி வரிக்கும் சொன்னேன். அவ படுத்துகினு அழுவும்போது ஒவ்வொரு போனா வந்துச்சு. நானே எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். அது போதும் எனக்கு."

பிறகு அந்த வாசனையில்லாத சோப்பைக் காட்டி, ஒரு டஜன் கொடு என்றாள்.

"ஒரு டஜனா?"

"அவ மட்டும் தனி சோப்பு வெச்சிகினா மோனிகா கேப்பா, வர்றவங்க கேப்பாங்க. ஊட்டுக்கே இதுதான் சோப்புன்னு ஆக்கிட்டா?"

தீனதயாளனின் கிரீஸ் கை, தறி ஓட்டுகிற ஆட்களின் கை, எல்லாம் இனிமேல் அந்த மென்மையான சோப்பில் கழுவப்படும் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே சேதி, இரண்டு பக்கமிருந்தும் என் கையில் வந்து சேர்ந்துவிட்டது. யாரிடமும் சொல்ல முடியாது. மருமகளிடம் மாமியாரைப் பற்றியும் சொல்ல முடியாது. இப்படி ஒரு தண்டனையை எந்தச் சாமியும் எனக்குக் கொடுத்ததில்லை. அதற்காக எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மண்டபத்தில் பெண் அறை. ரஞ்சிதத்தின் நாத்தனார் கௌரியம்மாள் நகரியிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். வந்ததும் தேவிப்பிரியாவின் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள்.

"ஏமே பொண்ணு, இன்னா மூஞ்சி இது? கள்ளிச்செடி மாதிரி! நாளைக்கு போட்டோவுல எப்டி நிப்ப?" தன் பையைத் திறந்தாள். உள்ளே அதே ஜாதி வெள்ளை டப்பா. "இந்தா, இப்ப பூசிக்க. காலையில பளிச்சுன்னு ஆயிடும்."

"வேணாம் பெரியம்மா."

"ஏன் வேணாம்?" விரலில் கிரீமை எடுத்துவிட்டாள். சட்டென்று கண் இடுங்கியது. "கிரீமு வேணாம், சென்ட் வேணாம்... ஏமே, விசேஷமா?"

அறையில் இருந்த அத்தனை வளையலும் சத்தம் நிறுத்தின. தேவிப்பிரியாவின் முகம் வெளுத்தது, எந்தக் கிரீமும் வெளுக்க முடியாத அளவுக்கு. இல்லை என்று சொன்னால் "ஏன் இன்னும் இல்ல" என்று தொடங்கும். பதில் சொல்லாவிட்டால் இன்று ராத்திரியே நகரிக்குப் போன் போகும். நான் தண்ணீர்க் கதையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மண்டபத் தண்ணீரில் முகம் கழுவியவர்கள் பத்துப் பேர் எதிரில் பளபளவென்று நிற்கிறார்கள். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது புது அனுபவம்.

அப்போது ரஞ்சிதம் பூத்தட்டோடு உள்ளே வந்தாள். கேள்வி அவள் காதில் விழுந்துவிட்டது.

"விசேஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணி," என்றாள் உரக்க. "எல்லாம் என் வேலைதான். கல்யாணத்துக்கு மினுமினுன்னு இருக்கட்டும்னு குப்பைமேனியும் சுண்ணாம்பும் அரைச்சு அவ மூஞ்சியில அப்பிட்டேன். எரியுது அத்தைன்னு கத்துனா. நான்தான் உடல. வெந்துடுச்சு. டாக்டரு ஒண்ணுமே பூசக் கூடாதுன்னுட்டாரு."

"சுண்ணாம்பா? பொம்பளையா நீ? அடுத்தவ பெத்த பொண்ணு மூஞ்சிய இப்டியா பண்ணுவ?"

"பண்ணிட்டேன். இன்னா செய்யச் சொல்றீங்க?"

கௌரியம்மாள் விரலில் எடுத்த கிரீமை வீணாக்க மனமில்லாமல் தன் கன்னத்திலேயே தேய்த்துக்கொண்டு, இந்தக் கொடுமையைச் சொல்ல ஆள் தேடி வெளியே போனாள். பின்னாடியே பாதி அறை போயிற்று, மேடைக்குக் கிளம்பிய மோனிகாவோடு மீதிப் பாதியும் போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் இலை வரைக்கும் ரஞ்சிதம் மருமகளைச் சுண்ணாம்பு வைத்துச் சுட்டவள் ஆகிவிட்டாள். சம்பந்தியம்மாள் அவளைப் பார்த்த பார்வையில், மோனிகா இப்படிப்பட்டவளின் மகளா என்ற கவலை இருந்தது. ரஞ்சிதம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

இதெல்லாம் பிறகு. அப்போது அறையில் நாங்கள் மூவர்தான். தன் முகத்தில் குப்பைமேனியின் ஒரு இலைகூடப் பட்டதில்லை என்பது தேவிப்பிரியாவுக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தாள். நான் கண்ணையன் தலையை நினைத்துக்கொண்டு வேகமாகத் தலையாட்டினேன், நான் சொல்லவில்லை என்று. மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, உங்களுக்கு எப்பத்துலேந்து தெரியும்?"

"எனக்கு இன்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது." ரஞ்சிதம் தட்டில் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரியாகத்தான் இருந்தது பூ. "நீ சொல்லணும்னு தோணும்போது சொல்லு. தோணலேன்னா வுடு. வர்ற மாசமும் கேக்க மாட்டேன், அதுக்கடுத்த மாசமும் கேக்க மாட்டேன்."

தேவிப்பிரியா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ஐயோ, பட்டுப் பொடவ" என்றாள் ரஞ்சிதம். ஆனால் நகரவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை யாரும் விசேஷமா என்று கேட்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் "எரிச்சல் கொறஞ்சுதாம்மா?" என்று கேட்டு, மாமியாரைத் திட்டிவிட்டுப் போனார்கள். நானும் என் பங்குக்கு ரஞ்சிதத்தைத் திட்டினேன். அவளுக்கு எதிரிலேயே, அவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு.

கல்யாண ஆல்பம் செய்யும் பையன் மருமகள் முகத்துப் பருக்களை அழித்துவிடட்டுமா என்று போனில் கேட்டபோது தேவிப்பிரியா என் கடையில்தான் இருந்தாள்.

"வேணாம்பா, அப்டியே இருக்கட்டும்," என்றாள். "பக்கத்துல எங்க அத்தை நிப்பாங்க பாரு, அவங்க மூஞ்சி மட்டும் நல்லா தெளிவா வரட்டும்."